மாரியக்கா கேக்குற படம்

ஏங்க,

டவுனுக்குப் போன இடத்தில் மழை பிடிச்சுக்கிச்சு. ஒதுங்கி நின்னது நீங்க வேலை பார்த்த ஸ்டூடியோ வாசல். உள்ளேயிருந்து படம் கழுவுற அந்தப் புளிச்ச மருந்து வாடை வந்திச்சு. உங்க கை வாடை. நிக்க முடியல, நனைஞ்சுக்கிட்டே தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்துட்டேன்.

நம்ம மீனா காய்ச்சலில் கெடந்தப்ப வேகமான பிலிம்னு ஒண்ணு கொண்டாந்தீங்க. "இதுக்குக் கொஞ்ச வெளிச்சமே போதும் புள்ள"ன்னு, வெளியே பனி மூடி நிக்க, நம்ம காம்பரா வீட்டுக்குள்ளேயே வாசப்பக்கம் அவளைச் சாய்ச்சு வச்சு எடுத்தீங்க. "அப்பா, பல்லு தெரியணுமா?"ன்னு கேட்டா. அந்த வாரமே போயிட்டா. அவளுக்கு வேற படம் கெடையாது.

காரியம் முடிஞ்சு ஒரு சாயங்காலம் அந்தப் பிலிமைக் கழுவ உட்காந்தோம். சொந்தப் படத்தை வீட்டிலே கழுவுறது உங்க வழக்கம்தானே. வாசலில் கம்பளி, இடுக்கெல்லாம் சாக்கு. அந்தப் பிலிமுக்குச் சிவப்பு விளக்குகூட ஆகாதுன்னீங்க. குளிருக்கு மருந்துத்தண்ணி வேலை செய்யாதுன்னு நான் வெதுவெதுப்பாக்கிக் குடுத்தேன். இருட்டில் கடிகாரம் தெரியாதே, என் பாட்டுத்தான் உங்களுக்கு நேரக் கணக்கு. எனக்குத் தெரிஞ்சது தாலாட்டு ஒண்ணுதான். பாடினேன். "வெளிச்சம் பத்தாம எடுத்தது, மருந்தில் இன்னும் ஊறணும். இன்னொருக்கா பாடு"ன்னீங்க.

பக்கத்துக் காம்பரா மாரியக்காவுக்கு அது கேட்டிருக்கு. செத்த புள்ளைக்குத் தாலாட்டுப் பாடுறாளேன்னு பதறி, கம்பளியை இழுத்துப் போட்டுட்டு லாந்தரோட உள்ளே வந்துட்டாங்க.

"அடியே, புத்தி பேதலிச்சுப் போச்சா ஒனக்கு?"

என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாங்க. உங்க கையில் பிலிம் சொட்டிக்கிட்டு நின்னுச்சு. வெளிச்சம் பட்டா என்னாகும்னு எனக்கே தெரியும். நீங்க, "வேலை முடிஞ்சிருச்சுக்கா. படம் நல்லா வந்திருக்கு"ன்னீங்க. அவங்க போன பொறகு பார்த்தோம். வெளிச்சம் பட்டுப் பிலிம் முழுசும் கறுப்பு. "நம்மளுக்காகத்தானே ஓடியாந்துச்சு அந்த மனுஷி. சொல்லிராத"ன்னீங்க.

அவங்க படத்தைக் கேக்குறப்பெல்லாம் ஏதாச்சும் சொல்லிச் சமாளிச்சீங்க. இப்ப நீங்களும் இல்ல. மாரியக்கா குடும்பத்துக்கு இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புற லிஸ்டில் பேர் வந்திருச்சு. நேத்து தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் குடுத்துட்டு வர்றப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"கப்பலேறுறதுக்குள்ள மீனாவ ஒருக்கா காட்டிரு தங்கச்சி. தூக்கி வளர்த்த புள்ள, மொகம் மறந்துக்கிட்டே வருது."

தேடி எடுத்து வைக்கிறேன்க்கான்னு சொல்லிட்டேன். எனக்கும் அந்த மொகம் மறந்துக்கிட்டேதான் வருதுங்க. ஒருக்கா காட்டச் சொல்லி நான் யார்கிட்ட கேப்பேன்?