அரைக் கட்டை கீழே

மோந்தெரிவோ,
1958 நவம்பர் 9

அன்புள்ள ஒரெஸ்தேக்கு,

இங்கே நான் நலம். நீயும் நலம் என்று உன் கடிதத்தின் முதல் வரி சொல்கிறது. மீதி மூன்று பக்கங்களும் தொண்டையைப் பற்றியே இருப்பதால் அந்த முதல் வரியை நான் அவ்வளவாக நம்பவில்லை. புவனஸ் அயர்ஸ் பத்திரிகைத் துண்டுகள் வந்து சேர்ந்தன. மூன்று விமர்சகர்களும் உன் குரலை 'முதிர்ந்த' குரல் என்று எழுதியிருக்கிறார்கள். பாலாடைக்கட்டியைச் சொன்னால் அது பாராட்டு. உச்சக் குரலில் பாடும் டெனரைச் சொன்னால் என்ன என்று உனக்கே தெரியும்.

வீட்டில் விசேஷம் ஒன்றுமில்லை. மூடுபனியில் எதிர்வீட்டு ஜன்னல் தெரிவதில்லை. எதிர்வீட்டுக்காரியின் காதுக்கு மூடுபனி தடையாக இல்லை. பியானோ படிக்கும் பிள்ளைகளில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். இரண்டு பேரும் நிற்க வேண்டியவர்களே.

இனி நீ கேட்ட காரியம். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு நம் ஊர் ஓபரா அரங்கில் பாடப்போகிறாய். டிசம்பர் 26, ஓபராப் பருவத்தின் முதல் நாள். மூன்றாம் அங்கத்துப் பாட்டை மட்டும் அரைக் கட்டை சுருதி இறக்கி, வாத்தியக்காரர்கள் எல்லோருடைய ஸ்வரத் தாளையும் புதிதாக எழுத வைக்க வேண்டும், யாருக்கும் தெரியக்கூடாது என்று எழுதியிருந்தாய். பிரதி எடுக்கும் எவாரிஸ்தோவிடம் போனேன். செத்துப்போன அம்மாமேல் ஆணையாக வாய் திறக்க மாட்டேன் என்றார். அவருடைய அம்மா உயிரோடு இருப்பது எனக்குப் படியிறங்கும்போதுதான் நினைவு வந்தது.

மறுநாள் காலை பன்றிக்கறிக் கடையில் தொத்திறைச்சி அரைக் கிலோ கேட்டேன். திமோத்தெயோ கத்தியைத் துடைத்துக்கொண்டே, "அரைக் கிலோவா டீச்சரம்மா, இல்ல அரைக் கட்டை கம்மியாவா?" என்றான். வரிசையில் ஆறு பெண்கள் நின்றார்கள். சிரிக்காத ஒருத்தி வெளியூர்.

அந்தப் பாட்டின் கடைசியில் வரும் உச்ச ஸ்வரத்துக்கு இந்த ஊரில் பெயர் வைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். 'அது' என்றால் போதும். ஒன்பது வருஷமாகத் தெருவில் என்னைப் பார்க்கிற எவனும் நீ நலமா என்று கேட்டதில்லை. "அது இருக்கா?" என்றுதான் கேட்பான். இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிவிட்டது. இந்த வாரம் யாரும் கேட்கவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

செவ்வாய்க்கிழமை விஷயம் தெரிந்தது. அரங்கில் மலிவு டிக்கெட்டில் மேலே உட்கார்ந்து பாடகர்களை எடைபோடும் மேல்மாடிக்காரர்கள் முடிதிருத்தும் கடையில் கூட்டம் போட்டிருக்கிறார்கள். நானே போனேன். அந்தக் கடைக்குள் இதுவரை எந்தப் பெண்ணும் காலெடுத்து வைத்ததில்லை என்பதால், நுரையோடு உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். திமோத்தெயோ நாற்காலி போட்டான். மருந்துக்கடை அமில்காரே வழக்கம்போல, பாடுகிறவர்களின் சுருதியைச் சரிபார்க்கும் இசைக்கவையைச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"கவலைய விடுங்க டீச்சரம்மா. பேசி முடிச்சிட்டோம்," என்றான் திமோத்தெயோ. "நம்ம ஒரெஸ்தே எப்படிப் பாடினாலும் சரி, மேல்மாடியிலேர்ந்து ஒரு விசில் கேக்காது. கைதட்டுதான்."

"நான் இதைக்கூட வீட்லயே வெச்சிட்டு வந்துடறேன்," என்று அமில்காரே இசைக்கவையைத் தட்டிக் காட்டினார்.

முடிதிருத்துகிறவர், "ஆளுக்கும் அம்பத்தொண்ணு ஆச்சு இல்ல. பாவம்," என்றார்.

ஒரெஸ்தே, இந்த ஊர் உன்னை என்னவெல்லாமோ சொல்லியிருக்கிறது. இருபத்து நாலு வயதில் தப்பான இடத்தில் மூச்சு விட்டாய் என்று விசிலடித்து மேடையைவிட்டு இறக்கினார்கள். மறு வருஷம் 'அது' வந்ததும் தோளில் தூக்கிக்கொண்டு போய் ஆற்றங்கரைவரை விடவில்லை. கழுதை என்றார்கள், கடவுள் என்றார்கள். பாவம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

எனக்கு வந்த கோபத்தில், "உங்க பாவம் எங்களுக்கு வேண்டாம். நல்லா இல்லேன்னா விசிலடிங்க. வழக்கமா அடிக்கிற மாதிரியே அடிங்க," என்றேன். கடையில் கத்தரிக்கோல்கூட நின்றுவிட்டது. அமில்காரே என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்க அவனுக்குப் பொண்டாட்டியா, இல்ல அடுத்த ஊர் டெனரோட ஆளா?" என்றார். திமோத்தெயோவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லது செஞ்சாலும் குத்தமா டீச்சரம்மா?" என்றான். முடிவை மாற்ற மறுத்துவிட்டார்கள். இவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் எதையும் முடிவு செய்ததில்லை.

இதை உனக்கு எழுத வேண்டுமா என்று நான்கு நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் நீ வந்து பாடுவாய், அரங்கம் அதிரக் கைதட்டுவார்கள், நீ நம்பிவிடுவாய். ஊரில் உனக்கு மட்டும் தெரியாத ஒன்றை ஊரோடு சேர்ந்து நானும் மறைக்க என்னால் முடியவில்லை.

நானும் யோக்கியம் இல்லை. ஜூலையில் பியானோவின் சுருதி ஏறிவிட்டது என்று மூன்று முறை ஆளைக் கூப்பிடச் சொன்னாய். முதல் முறை அவன் சரிபார்த்து, சுருதி ஏறவே இல்லை என்று கண்டு என்னைப் பார்த்தான். மூன்றாம் முறை மூடியைத் திறக்கவே இல்லை. காப்பி குடித்துவிட்டுப் போனான். சரிசெய்தாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னவள் நான்தான்.

இப்போது இரண்டு கட்டுத் தாள்களும் என் மேசையில் இருக்கின்றன, பழையதும் எவாரிஸ்தோ எழுதியதும். பக்கத்தில் ஒப்பந்தம், உன் கையெழுத்து இல்லாமல். இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் அரங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரே வார்த்தையில் தந்தி கொடு: மேலே, கீழே, அல்லது வேண்டாம். தந்தி ஆபீஸ்காரனும் மேல்மாடிதான் என்பதை மறக்காதே. நீ காலையில் அனுப்புகிற வார்த்தை மதியத்துக்குள் முடிதிருத்தும் கடையில் இருக்கும். அங்கே எல்லோர் வாயிலும் கேட்க உனக்குச் சம்மதமான வார்த்தையாகப் பார்த்து அனுப்பு.

மூன்றில் எது நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். பாடுகிறவள் நான் இல்லை. உன் மூச்சு எங்கே முடிகிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும், இருபத்தாறு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்ததால்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மூன்றாவது வார்த்தையை அனுப்பினாலும் டிசம்பர் நான்காம் தேதிக் கப்பலில் ஏறிவிடு. அங்கேயே இன்னொரு பருவம், இன்னொரு நகரம் என்று எழுதாதே. ஸ்டேஷனுக்கு நான் மட்டும் வருகிறேன். விசிலடிக்க மாட்டேன், கைதட்டவும் மாட்டேன். பெட்டிக்கு இரண்டு பிடி இருக்கிறது; ஒன்றை நான் பிடித்துக்கொள்கிறேன்.

கழுத்தில் கம்பளியைச் சுற்றிக்கொள். கடவுள் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

உன்
எர்சிலியா