உன் கன்னத்தில் வந்தது சாமி இல்லை, அக்கா

கன்னத்தை யாரும் தொடாமல் இருந்தால் போதும் என்று தவித்தே போய்ச் சேர்ந்த என் பாக்கியம் அக்காவுக்கு,

உன் தம்பி ராசு எழுதுகிறேன். நாங்கள் இப்போது சிங்கப்பூரிலேயே தோ பாயோவில் இருக்கிறோம். ரேஸ் கோர்ஸ் ரோட்டை விட்டு எல்லோரும் கிளம்பியாகிவிட்டது. இது அடுக்குமாடி வீடு, லிப்டில் ஏறி இறங்குகிறோம். நீயாக இருந்தால் ஏற மாட்டேன் என்று முதல் நாள் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்திருப்பாய்.

செத்துப்போனவளுக்கு எழுதுவதை எதற்குப் பத்திரிகையில் போடக் கொடுக்கிறீர்கள் என்று என் மகன் கேட்கிறான். காரணம் இருக்கிறது. நீ திரும்பி வந்தாய் என்று இங்கே ஒரு பேச்சு. நான்தான் உன்னை மறுபடியும் துரத்திவிட்டேன் என்று இன்னொரு பேச்சு. சிராங்கூன் ரோட்டுக்குக் காய்கறி வாங்கப் போனால்கூட என்னைக் காட்டிக் காட்டிப் பேசுகிறார்கள். அவர்களிடம் வாயடித்து எனக்கு அலுத்துவிட்டது. உன்னிடம் சொல்கிறேன், அவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

பல்வலி என்றுதான் முதலில் நினைத்தாய். வலதுபக்கக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். வலி நிற்கவில்லை என்றதும் பக்கத்துப் பல்லைப் பிடுங்கினார்கள். அந்தப் பக்கத்தில் பிடுங்கப் பல் மிச்சமில்லாமல் போனபிறகு, வலி பல்லில் இல்லை என்று பல் வைத்தியர் கண்டுபிடித்தார். அந்தப் பொக்கைப் பக்கத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு நீ என்னைக் கேட்டது ஞாபகம் இருக்கிறதா?

"ராசு, வயரிங் வேலையில ஷாக் அடிக்கும்னு சொல்வியே, அது எப்பிடிடா இருக்கும்?"

"சுளீர்னு இழுக்கும்க்கா. கையை எடுத்தா விட்டுடும்."

"எனக்குக் கன்னத்துல அடிக்குது. நான் எங்கேருந்து கையை எடுக்க?"

அன்றைக்கே நான் உன்னை நம்பிவிட்டேன். எனக்குப் படிப்பு கிடையாது. எழுத்துக் கூட்டியதே பெரியவனான பிறகுதான். ஆனால் ஷாக் அடித்தவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன் முகம் அப்படி இருந்தது. நினைத்தாற்போல் வரும், கொஞ்ச நேரம் உலுக்கும், போய்விடும். பேசினால் வரும், மென்றால் வரும், காற்றடித்தால் வரும். வரப்போகிறது என்ற பயத்திலேயே நீ பேச்சைக் குறைத்தாய், பிறகு சாப்பாட்டைக் குறைத்தாய்.

ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள்? வீக்கம் இல்லை, காயம் இல்லை, காய்ச்சல் இல்லை. பிள்ளை இல்லாத ஏக்கம், மனசுதான் காரணம் என்று அந்த டாக்டர் சொன்னதை மிஸ்ஸி, அந்த நர்ஸம்மா, தமிழில் உன்னிடம் சொன்னாள். அந்த டாக்டர் இருக்கிறாரோ இல்லையோ, இருந்தால் இதைப் படிக்கட்டும். நான் இன்னும் மறக்கவில்லை.

அந்த இடைவெளியில்தான் முத்தம்மா நுழைந்தாள். அடுத்த வீட்டுக்காரி, நல்லவள்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை, உன் வீட்டுக் கூடத்தில் விளக்குப் பூசை. சுமங்கலி மஞ்சள் பூசாமல் உட்காரக் கூடாது என்று அவளே உன் கன்னத்தில் மஞ்சளைத் தேய்த்தாள். நீ அலறினாய். உடம்பு விறைத்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. முத்தம்மா இரண்டடி பின்னால் நகர்ந்து கையைத் தலைக்கு மேல் கூப்பினாள்.

"ஆத்தா வந்துட்டா! எல்லாரும் விழுந்து கும்பிடுங்கடி!"

மஞ்சள் தண்ணீரை வாரி உன் முகத்தில் அடித்தார்கள். திருநீற்றைக் கன்னத்தோடு சேர்த்து அப்பினார்கள். தொடத் தொட வலி வந்தது, வர வர நீ கத்தினாய், கத்தக் கத்த அவர்களுக்குப் பக்தி ஏறியது. மகன் கப்பலில் போய் தகவல் இல்லையே என்று ஒருத்தி உன் மடியில் விழுந்து அழுதாள். கன்னத்தைப் பிடித்த அவள் கையை எடுத்தால் போதும் என்று நீ சொன்னாய்: "வந்துடுவான், போ! எந்திரிச்சுப் போ!" அந்தப் பையனும் அடுத்த மாதம் வந்து இறங்கித் தொலைத்தான்.

அதோடு உன் கதை முடிந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் கூட்டம். உன்னைப் பலகையில் உட்கார வைத்து, வலி வராவிட்டால் மஞ்சள் பூசி வர வைத்தார்கள். நீ சாப்பிடாமல் கிடந்ததை விரதம் என்றார்கள், பேசாமல் இருந்ததை மௌனம் என்றார்கள். துறைமுகக் கிடங்கில் காவல் வேலை பார்த்த அத்தான், அதுவரை யாரும் மதிக்காத மனிதர், வாசலில் நின்று ஆட்களை வரிசையில் விட ஆரம்பித்தார்.

நான் சண்டை போட்டேன். உன்னிடமும் போட்டேன். "ஏன்க்கா உக்கார்றே? வலின்னு சொல்லேன்!" என்று கத்தினேன். நீ வாயை அதிகம் அசைக்காமல் சொன்னாய்:

"சொன்னேனேடா. டாக்டர் ஒண்ணுமில்லைன்னான். இவங்கதான் எனக்கு என்னமோ வருதுன்னு நம்புறாங்க."

நானும் நம்பினேனே, அது உனக்குப் போதவில்லையா அக்கா?

பிறகு ஒரு சிறப்பு மருத்துவரைத் தேடிப் பிடித்தேன். வெள்ளைக்காரர். உன் முகத்தைத் தொடவில்லை, ஒரு பஞ்சை மட்டும் காட்டி, இது பட்டால் வருமா என்று கேட்டார். நீ தலையாட்டினாய். இது முகத்து நரம்பின் நோய், மனசு இல்லை என்றார். நான் அதைத் தமிழில் உனக்குச் சொன்னபோது நீ மறுபடி சொல்லச் சொன்னாய். மறுபடியும் சொன்னேன். கன்னத்தில் ஊசி போட்டு நரம்பை மரத்துப்போகச் செய்தார். பாதி முகம் செத்ததுபோல் ஆனாலும் நீ சோறு மென்றாய். நான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன்.

ஊசி சாமியை விரட்டிவிட்டது என்று முத்தம்மா ஒப்பாரி வைத்தாள். அத்தான் என்னோடு பேச்சை நிறுத்தினார். சில மாதத்தில் மரப்பு விட்டு வலி திரும்பியது, கூட்டமும் திரும்பியது. இன்னொரு ஊசி போடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அழைத்துப் போக நான் வந்தபோது அத்தான் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"அவளே வேண்டாங்கிறா. ஒனக்கென்னடா வந்துச்சு?"

உள்ளே நீ இருந்தாய். சத்தம் இல்லை. நான் ரோஷத்தோடு திரும்பிப் போனேன். சுயாட்சி வந்த அந்த வருட மழைக்காலத்தில், எலும்பும் தோலுமாக இருந்த உனக்குச் சளிக்காய்ச்சல் வந்து, எனக்குச் சொல்லி அனுப்புவதற்குள் எல்லாம் முடிந்தது. அத்தானும் போய்விட்டார். நீயே வேண்டாம் என்றாயா, அவர் சொன்ன பொய்யா? கேட்க ஆள் இல்லை. இத்தனை வருடமாக இந்த ஒரு கேள்வியோடுதான் தூங்கி எழுகிறேன்.

இனி இப்போதைய கதை. முத்தம்மா இங்கேயும் எங்கள் மாடியிலேயே இருக்கிறாள். அவள் மருமகள் சரோஜா, நாற்பதைத் தொட்டவள், என்னை மாமா என்று கூப்பிடுவாள். சில மாதமாக முந்தானையால் கன்னத்தைக் காற்றுப் படாமல் மறைத்துக்கொண்டே நடந்தாள். பல்லைப் பிடுங்கிவிடாதே என்று சொல்லி வைத்தேன். போன தைப்பூசம் கழிந்து ஒரு சாயங்காலம், முத்தம்மா என் கதவைத் தட்டினாள். வாய் நிறையச் சிரிப்பு.

"தம்பி, ஓடியா. ஒங்கக்கா வந்திருக்கா. எங்க சரோஜா மேலதான் எறங்கியிருக்கா!"

போனேன். கூடத்தில் சுற்றிலும் பெண்கள். நடுவில் சரோஜா, வலது கையைக் கன்னத்துக்குப் பக்கத்தில், தொடாமல், குடை பிடித்ததுபோல் வைத்திருந்தாள். நீ வைத்திருப்பாயே, அதே மாதிரி. அதே அலறல், அது நின்றதும் அதே மூச்சு. முந்தானை ஓரத்தில் மஞ்சள் கறை. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: சாமியும் பேயும் இல்லை என்று வாழ்நாள் முழுக்க வம்பு பேசியவன், அந்த நேரத்தில் உன்னைப் பார்த்தேன்.

"கேளு தம்பி," என்று முத்தம்மா என் முதுகைத் தள்ளினாள். "மனசுல என்ன இருக்கோ கேட்டுடு. இப்பவே கேளு, மலையேறிடுவா."

கேட்க வாயைத் திறந்துவிட்டேன். அந்த ஊசியை நீயே வேண்டாம் என்றாயா என்ற கேள்வி நாக்கு நுனியில் நின்றது. சரோஜா ஏதாவது சொல்லியிருப்பாள். என்னைப் போகச் சொல்வதற்காகவாவது, ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருப்பாள். அதை நம்பி மிச்ச நாளை ஓட்டியிருப்பேன்.

அவள் கண் என்னை ஒரு தடவை பார்த்தது. பிறகு மேலே போனது. அங்கே புது மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சாமிக்கு வேர்க்கக் கூடாது என்று யாரோ முழு வேகத்தில் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் கன்னம் துடித்தது.

நான் போய் விசிறியை நிறுத்தினேன்.

"எல்லாரும் வெளியே போங்க," என்றேன்.

"அய்யோ பாவி, ஆத்தா இருக்கும்போது..."

"ஆத்தா இல்ல முத்தம்மா. ஒன் மருமக இருக்கா. அவளுக்கு வலிக்குது."

யாரும் அசையவில்லை. சரோஜாதான் உதடு அசையாமல் பேசினாள். "மாமா, என்னை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க."

மறுநாளே அவளையும் அவள் புருஷனையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நரம்புக்கென்றே தனி டாக்டர் இப்போது இருக்கிறார், சீனர், வயதில் சின்னவர். வாசலில் இருந்த உதவியாள், "பெரிய கூட்டம் லா, நாளைக்கு வாங்க," என்றான். இத்தனை வருடம் காத்திருந்தவனிடம் நாளைக்கு வா என்கிறாயா என்று நான் போட்ட சத்தத்தில் டாக்டரே எட்டிப் பார்த்தார். சரோஜா கையைக் கன்னத்தருகே வைத்திருந்த விதத்தைப் பார்த்தார். "ஷாக் மாதிரியா?" என்று ஆங்கிலத்தில் அவர்தான் முதலில் கேட்டார்.

நாங்கள் சொல்லாமல் அவரே கேட்டார், அக்கா. உனக்காக ஒருத்தர் அப்படிக் கேட்க எத்தனை படி ஏறினோம்?

இப்போது ஒரு மாத்திரை வந்திருக்கிறது. வலிப்புக்காகக் கண்டுபிடித்ததாம், இந்த நரம்பையும் அடக்குகிறதாம். ஏன் அடக்குகிறது என்பதை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், முழுதாகத் தெரியாது என்று அவரே ஒப்புக்கொண்டார். தெரியாது என்று சொன்ன டாக்டரை அன்றுதான் முதலில் பார்த்தேன். சரோஜாவுக்கு முதலில் தலை சுற்றியது, தள்ளாடினாள். ரத்தம் எடுத்துப் பார்த்து அளவை மாற்றினார்கள். இரண்டாவது வாரம் அவள் வீட்டிலிருந்து முறுக்கு கடிக்கும் சத்தம் நடைபாதை வரைக்கும் கேட்டது.

உன்னைப் பற்றியும் டாக்டரிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார். அந்த மாத்திரை நீ இருந்தபோது எங்கேயும் கிடையாது என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

முத்தம்மா என்னோடு பேசுவதில்லை. லிப்டில் மாட்டிக்கொண்ட ஒருநாள் மட்டும், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ரெண்டாவது தடவையும் தொரத்திட்டியேடா. கூடப் பொறந்தவன் செய்ற வேலையா?"

லிப்ட் நின்றதும் அவளுக்கு வழிவிட்டு நின்றேன். அவளும் உன்மேல் ஆசை வைத்தவள்தானே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எந்த வீட்டிலும் யாரும் அலறுவதில்லை. உன் குரல் இனி இந்த ஊரில் எங்கேயும் இல்லை என்பது அப்போதுதான் உறைக்கிறது.

போன வாரம் சரோஜா ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"மாமா, ஒங்கக்கா வலி இல்லாதப்ப எப்பிடி இருப்பாங்க?"

இதை யாருமே என்னைக் கேட்டதில்லை. முத்தம்மா கூட்டம் கேட்டதில்லை, டாக்டர்கள் கேட்டதில்லை. உன் முகம் என்று நினைத்தாலே முந்தானையும் அந்தக் கையும்தான் வந்தன. அவள் போய்விட்டாள். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ரசம் ஆறிய பிறகுதான் உன் பழைய முகம் வந்தது.

ஐஸ்காரன் தெருமுனையைத் தாண்டிவிட்டால் நீ மாடி ஜன்னலில் நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிப்பாய். தெருவே திரும்பிப் பார்க்கும். "பொம்பளையாடி நீ?" என்று அத்தான் உள்ளேயிருந்து கத்துவார். நீ வாய் நிறையப் பல்லோடு சிரித்தபடி, ஐஸ்காரனைப் பார்த்து மூன்று என்று விரல் காட்டுவாய்.

எழுந்து போய் சரோஜாவிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, விரலை வாயில் வைத்து ஊதிப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது. முத்தம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமலே நானும் வந்து சேருவேன், அக்கா. யார் வாயிலிருந்தும் அதைப் பிடுங்க மாட்டேன். இன்னொருத்தி வலியில் கத்தும்போது அவளுக்குள் உன்னைத் தேட மாட்டேன், தேட வருகிறவர்களையும் விட மாட்டேன். இது சத்தியம். அலறல் கேட்டால் முதலில் விசிறியை நிறுத்துவேன், பிறகு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவேன்.

உன்னை நம்பிய, வாசலோடு திரும்பிப் போன,
உன் தம்பி ராசு