ஆவி பிடித்த வீடு

டிசம்பர் 8

இன்று ஹோட்டலில் மேசைவிரிப்புகள் மட்டும் மலைபோல் குவிந்திருந்தன. எல்லாம் சிவப்பு. கிறிஸ்துமஸ் வருகிறதாம். இஸ்திரி இயந்திரத்தின் மூடியைத் தூக்கும்போதெல்லாம் ஆவி முகத்தில் அடிக்கிறது. அந்த வெண்மைக்குள் ஒரு கணம் சலவை அறையும் இல்லை, சூப்பர்வைசரும் இல்லை. நான் மட்டும் எங்கோ மிதக்கிறேன். கலைந்ததும் அதே சுவர்.

வீட்டுக்கு வந்தால் எங்கள் ஆறு வயது வாலு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். சண்டே ஸ்கூல் நாடகத்தில் அவள்தான் தேவதூதன். மரியாளிடம், "பயப்படாதே, பரிசுத்த ஆவி உன்மேல் இறங்கும்" என்று சொல்ல வேண்டும். அதில் அவளுக்கு ஒரு சந்தேகம்.

"ஆவி மேல எறங்குனா மரியாளுக்குச் சுடாதாம்மா?"

சிரித்து மாளவில்லை. மாமா மட்டும் சிரிக்கவில்லை. அத்தை இறந்ததிலிருந்து என் மாமனார் சர்ச் வாசலை மிதித்ததில்லை.

டிசம்பர் 11

சண்டை. குழாய் சொட்டுகிறது, சாப்பாட்டில் உப்பில்லை, மின்விசிறி கிறீச்சிடுகிறது – மாமா அடுக்கிக்கொண்டே போனார். என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு, "இங்க எதுவும் பிடிக்கலைன்னா, எங்க பிடிக்குதோ அங்க போங்கப்பா" என்றார்.

நல்ல மனுஷன்தான். நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வருகிறவர். ஆனால் சொல் விழுந்துவிட்டதே.

டிசம்பர் 13

மாமா தானே போய் முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இருபத்தாறாம் தேதி போகிறாராம். பண்டிகை முடியட்டும், இல்லாவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்கிறார். பெட்டியை இப்போதே கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளியாயிற்று.

அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை. "அவன்கிட்ட சொல்லும்மா." "அவர்கிட்ட சொல்லு." நடுவில் நான் தபால்காரி.

டிசம்பர் 15

உண்மையை இங்கேயாவது எழுதலாம். மாமாவின் அறை காலியானால் துணி காயப்போட இடம் கிடைக்கும் என்று நினைத்தேன். இன்று ஆவிக்குள் நின்றபடியே மனசுக்குள் அதற்குத் திரைச்சீலைகூடத் தைத்து மாட்டிவிட்டேன். ச்சே. நானெல்லாம் ஒரு மனுஷியா?

டிசம்பர் 19

கிறிஸ்துமஸ் மரத்துக்கு ஒரு கால் உடைந்திருக்கிறது. சுவரில் சாய்த்து வைத்தோம். குடித்தவன் மாதிரி நிற்கிறது என்றார் மாமா. எங்கள் யாரிடமும் இல்லை, மரத்திடமே சொன்னார்.

டிசம்பர் 23

வாலுவுக்கு இருமல், மூக்கடைப்பு. கடவுளே, ஒரு வருஷமாவது ஒழுங்காக நடக்கக் கூடாதா?

டிசம்பர் 24

நாடகம் போயிற்று. காலையிலேயே காய்ச்சல். வேறொரு பிள்ளையைத் தேவதூதனாக்கிவிட்டதாக டீச்சர் போனில் சொன்னார். இவள் இறக்கையை மாட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அழ அழ மூக்கு இன்னும் அடைத்தது. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

மாமா எழுந்து போய் வெந்நீர் வைத்தார். பாத்திரத்தை மேசைமேல் வைத்து, போர்வையை எடுத்துக்கொண்டு, ஆவி பிடிக்கலாம் வா என்று கூப்பிட்டார். அழுகை சட்டென்று நின்றது.

"பரிசுத்த ஆவியா தாத்தா?"

என்ன சொல்வாரோ என்று பார்த்தேன்.

"வீட்டுல இருக்கிறது இதுதான்."

இரண்டு பேரும் போர்வைக்குள் போனார்கள். இறக்கை மட்டும் பின்னால் துருத்திக்கொண்டிருந்தது. உள்ளிருந்து அவள் குரல்: "நீங்கதான் மரியாள். நான் சொன்னதும் சரின்னு சொல்லணும்." பிறகு கட்டைக் குரலில், "பயப்படாதே. பரிசுத்த ஆவி உன்மேல் இறங்கும்."

போர்வை மெல்ல ஏறி இறங்கியது.

"பயமாத்தாம்மா இருக்கு" என்றார் மாமா.

"சரின்னு சொல்லுங்க தாத்தா."

"சரி."

திரும்பினால், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக்காரர். எப்போது வந்தாரோ. முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகப் போய்க் குழாயைச் சரிசெய்ய உட்கார்ந்தார். அவர் முறுக்க முறுக்க, சொட்டிக்கொண்டிருந்தது ஒழுகத் தொடங்கியது.

டிசம்பர் 25

வாலுவின் ஜலதோஷம் இப்போது அவள் அப்பாவிடம். யாரும் சர்ச்சுக்குப் போகவில்லை. கேக் ஒரு பக்கம் கருகல். சமையலறைத் தரையெல்லாம் தண்ணீர்.

அடுக்கடுக்காகத் தும்மிக்கொண்டிருந்தவரை மாமா கொஞ்ச நேரம் பார்த்தார். என்னிடம் சொல்லியனுப்பவில்லை.

"டேய், இங்க வா. ஆவி பிடி."

போனார். ஒரே போர்வைக்குள் இரண்டு பெரிய முதுகுகள். உள்ளே ஏதோ பேச்சு. எனக்குக் கேட்கவில்லை, கேட்கப் பக்கத்தில் போகவும் இல்லை. நான் பாத்திரத்தை நகர்த்தியதற்கு வாலு உதட்டில் விரல் வைத்தாள்.

"சத்தம் போடாதம்மா. எறங்குது."

ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்து தெரு மறைந்துபோனது. எங்கள் வீடு மட்டும், இந்தக் கோணல் மரத்தோடும் கருகல் வாசனையோடும், தனியாக எங்கோ மிதந்துபோவது போலிருந்தது. இதற்காகவா இத்தனை நாளும் வேறு எங்கெங்கோ தேடினேன்? முழங்கால்படியிட வேண்டும் போலிருந்தது. தண்ணீர் துடைக்கிற சாக்கில் முழங்காலிட்டேன்.

டிசம்பர் 26

மழை. யாரும் எங்கும் போகவில்லை.

ஜனவரி 5

மரத்தைக் கழற்றினோம். இறக்கையை நசுங்காமல் எதில் வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன். மாமா கட்டிலுக்கு அடியிலிருந்து தன் பெட்டியை இழுத்துத் திறந்தார். காலியாக இருந்தது.

"இதுல வைம்மா. அடுத்த வருஷம் எடுத்துக்கலாம்."

சாப்பாட்டில் இன்றைக்கும் உப்பு போதவில்லையாம். அதை இப்போதெல்லாம் நேராக மகனிடமே சொல்கிறார்.