உபதலைவர் எண்ட இடம்

ஞாயிறு, மார்ச் 9. ஓஸ்டர்முண்டிகன், சுவிஸ்.

கோபம் இன்னும் அடங்கேல்லை. எங்கட தமிழ்ச் சங்கத்தில தலைவர் தேர்தலுக்கு நிக்கிற சிவம் அண்ணை, தன்னோட சோடியா நிக்க ஒரு உபதலைவரைத் தேடுறார் எண்டு தெரியும். ஆறு வருசமா மண்டபம் எடுக்கிறது, கெமைன்ட எண்ட ஊர்ச்சபைக் கந்தோருக்கு ஜெர்மன் மொழியில கடிதம் எழுதுறது எல்லாம் நான்தான். என்னைத்தான் கேப்பார் எண்டு நினைச்சன்.

பின்னேரம் வீட்டை வந்தார். "தங்கச்சி, உங்கட அவரைப் போடுவம். நீங்கள் எப்பிடியும் பின்னால நிண்டு எல்லாம் செய்வியள்தானே" எண்டார். ஒரு கூட்டத்துக்கும் வராத என்ர மனுசன் தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு "ஓம்" எண்டார். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை.

பிறகு அண்ணை தேர்தலுக்குப் பெயர் குடுக்கிற ஜெர்மன் படிவத்தை என்னட்டையே நீட்டினார், நிரப்பித் தரட்டாம். நிரப்பினன். அண்ணை வழமைபோல வாசிக்காமல் கையெழுத்து வைச்சார். நானே கொண்டுபோய்த் தபால்பெட்டியில போட்டன்.

மனுசன் பக்கத்தில குறட்டை விடுறார். அவருக்கு இன்னும் சொல்லேல்லை. உபதலைவர் எண்ட இடத்தில இருக்கிறது என்ர பெயரும் என்ர கையெழுத்தும்.