ஐந்து அம்மாவைக் காணோம்

பூனாகலை
26.5.1979

அன்பு மகன் சிவஞானத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் முருகன் புண்ணியத்தில் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். புதன்கிழமை அடித்த தந்தியைக் கண்டு நீ பதறியிருப்பாய், நம் தேயிலைத் தோட்டத்தில் தந்தி என்றால் யாரோ போய்விட்டார்கள் என்றுதானே அர்த்தம். பண்டாரவளைத் தபால் கந்தோரில் இருந்த ஐயாகூட நான் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு, "யாருங்க தவறிட்டாங்க?" என்று மெதுவாகத்தான் கேட்டார். "யாரும் தவறலீங்க, நான்தான் தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். அந்தத் தப்பைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மாஸ்கோவில் இன்னும் இரண்டு வருடம் இருந்து மேல்படிப்பு படிக்கட்டுமா, அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள், ஜூன் முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும் என்று பங்குனியில் நீ எழுதியிருந்தாய். அம்மா அழுகிறாள், ஆடியில் வந்துவிடு என்று நான் பதில் போட்டேன். தம்பி, அம்மா அழவில்லை. அவளிடம் நான் கேட்கவே இல்லை. உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டும்போது அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட்டேன். ஆடியில் மகன் வருகிறான் என்று அவள் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள், அவள் மனசு தாங்காது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், எனக்குத்தான் உன்னைப் பார்க்கவேண்டும் என்று இருந்தது. ஐம்பத்தாறு வயசு ஆம்பிளை அதைத் தாளில் எழுத வெட்கப்பட்டு, பொம்பிளை பேரைப் போட்டு எழுதிவிட்டேன்.

அது எப்படி வெளியே வந்தது என்றால், எல்லாம் நீ அனுப்பிய விளையாட்டால் வந்தது. தை மாதம் ஒரு தாள் அனுப்பினாயே, இல்லாத ஒரு பாஷையை நீயே உண்டாக்கி, ஒவ்வொரு வரியிலும் பொம்பிளை, ஆடு, தொப்பி போட்ட துரை என்று ஒரு படமும் பக்கத்தில் மூன்று நான்கு குறியும் போட்டு, அகராதி கிடையாது, பார்த்தே கண்டுபிடியுங்கள், கடைசி வரிக்குப் படத்தை நீங்களே கீறி அனுப்புங்கள் என்று. உங்கள் வாத்தியார் இப்படித்தான் வகுப்பில் விளையாட்டுக் காட்டுகிறார் என்று எழுதியிருந்தாய். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன், லயத்தில் பாதிப் பேருக்குக் கடிதம் வாசித்துக் கொடுக்கிறவன், எனக்கு இது எம்மாத்திரம் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பொம்பிளை ஆட்டைத் துரத்துகிற படத்துக்கும் ஆடு பொம்பிளையைத் துரத்துகிற படத்துக்கும் நீ அதே மூன்று குறியைத்தான் போட்டிருந்தாய், பையன் அவசரத்தில் பிழை விட்டுவிட்டான் என்று முடிவு கட்டினேன். வட்டமாக ஒரு குறி இருந்ததா, அது கிணறு என்றேன். சீப்பு மாதிரி ஒன்று இருந்ததா, அது மழை என்றேன். மூன்று நாள் மண்டையை உடைத்துக் கடைசி வரிக்கு நான் கண்டுபிடித்த விடை, துரை மழையில் கிணற்றோரம் நிற்கிறார் என்பது. அதைப் பக்கத்து வீட்டு வீரய்யாவிடம் வேறு பெருமையாகக் காட்டினேன்.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். "வட்டம் என்ன மாதிரி இருக்குன்னு ஏங்க பாக்குறீங்க? எங்க வருது, எங்க வராமப் போகுதுன்னு பாருங்க. ஆடு இருக்கிற வரியில எல்லாம் வட்டம் இருக்கு, ஆடு இல்லாத வரியில இல்ல. அப்ப வட்டம்தானே ஆடு?" என்றாள். ரெண்டு ஆடு நிற்கிற வரியில் வட்டத்துக்குள் ஒரு புள்ளி இருந்ததையும் அவளே காட்டினாள். "புள்ளை பிழை விடல. யாரு முன்னுக்கு நிக்கிறாங்களோ அவங்கதான் துரத்துறாங்க. நாமளும் அப்படித்தானே சொல்றோம்?" பிறகு கடைசி வரியில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பார்த்துவிட்டு அரிசிச் சுளகைக் கீழே வைத்துத் தனியாகச் சிரிக்க ஆரம்பித்தாள். ரெண்டு ஆடு துரையைத் துரத்துகிறது! அந்தப் படத்தை அவள் கரித்துண்டால் கீறிக் கொடுத்ததைத்தான் உனக்கு அனுப்பினோம். வீரய்யா அன்றிலிருந்து என்னைக் கண்டால், "என்ன மாமா, கிணத்துல தண்ணி இருக்கா?" என்கிறான். மாசியில் வந்த இரண்டாவது தாளை நான் தொடவே இல்லை, நேராக அவள் கையில் கொடுத்துவிட்டேன். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த களைப்போடு உட்கார்ந்து, தேத்தண்ணி ஆறுவதற்குள் முக்கால்வாசியை முடித்துவிட்டாள். பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவள், தம்பி. முப்பது வருடம் இந்தத் தலையோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு அது தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று எனக்கு ஆச்சரியம்.

அதோடு நின்றிருந்தால் நான் தப்பியிருப்பேன். தாள் தீர்ந்து போனதும் அவள் வேறு வேலை பிடித்தாள், எனக்குத் தெரியாது. நான் தேயிலை ஸ்டோருக்கு வேலைக்குப் போனபிறகு ட்ரங்குப் பெட்டியைத் திறந்து உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொள்வாளாம். ஒவ்வொன்றையும் நான் மூன்று நான்கு தடவை வாசித்துக் காட்டியிருக்கிறேன், அவளுக்கு எல்லாம் மனப்பாடம். எல்லாக் கடிதத்திலும் அன்புள்ள அம்மா, அப்பா என்றுதானே தொடங்குவாய். தலைப்பில் அண்ணன் தம்பி மாதிரி இரண்டு சொல் இருப்பதைக் கண்டிருக்கிறாள், தொடக்க எழுத்து ஒன்று, நடுவில் புள்ளி, கடைசியில் கால். இதில் எது அம்மா, எது அப்பா என்று எப்படிக் கண்டுபிடித்தாள் தெரியுமா? அவளுடைய முழங்கால் வலியைப் பற்றியே ஒரு கடிதம் முழுக்க எழுதியிருந்தாயே, அதை எடுத்துப் பார்த்து, எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் அம்மா என்று பிடித்துவிட்டாள். உங்கள் வாத்தியாரிடம் இதைச் சொல்லிக் காட்டு.

போன ஞாயிற்றுக்கிழமை நான் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பங்குனிக் கடிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். "நீங்க வாசிச்சதுல அம்மா ரெண்டு தடவைதான் வந்துச்சு. தாள்ல ஏழு தடவை இருக்கு. மிச்சம் அஞ்சு அம்மா எங்க போச்சு?" கண்ணாடி சரியில்லை என்றேன். "கண்ணாடி அப்பாவை மட்டும் காட்டுமாக்கும்" என்றாள். பிறகு முழுவதையும் வாசித்தேன், நான் போட்ட பதிலையும் சொன்னேன். அவள் ஏசவில்லை. "புள்ளை எங்கிட்ட கேட்டிருக்கான். நான் சொன்னதா நீங்க சொல்லியிருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பீலிக்குப் போய்விட்டாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஞாயிறும் திங்களும் வீட்டில் சட்டி பானைதான் பேசியது.

செவ்வாய் பின்னேரம் மலையிலிருந்து வந்து, கூடையைக்கூட இறக்காமல் வாசலில் நின்று சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "அவனைப் பார்க்காம எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு, அதையும் எழுதுங்க, மறைக்க வேணாம். ஆனா அவன் படிக்கட்டும். ரெண்டு வருசம் இருந்து முடிச்சிட்டு வரட்டும். அம்மா சம்மதம்னு நானே சொல்றேன்." மறுநாள் விடிய, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகாமல் அரைநாள் லீவு சொல்லி என்னைக் கையோடு பண்டாரவளைக்குக் கூட்டிக்கொண்டு போனாள், தனியே விட்டால் என்ன தந்தி அடிப்பேனோ என்று நம்பிக்கையில்லை. ஆகையால் என் சித்திரைக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, உடனே போய் உங்கள் பெரியவர்களிடம் சரி என்று சொல். ஒரு நாளும் தள்ளிப் போடாதே.

வேறு விசேஷம் இல்லை. மழைக்கு வீட்டுத் தகரம் ஒழுகுகிறது, கங்காணியிடம் சொல்லியிருக்கிறோம். தலையை மூடாமல் பனியில் திரியாதே, பசியைப் போட்டுக்கொண்டு படிக்காதே. கதிர்காமத்து முருகன் உன் கூடவே இருக்கட்டும், நினைத்தது நினைத்தபடி முடியட்டும். ஒன்றை மறந்துவிடாதே. இனிமேல் உறையின்மேல் அம்மாவின் பெயரை எழுது, எழுத்தைப் பெரிதாக, இடைவெளி விட்டு எழுது. அவள் எழுதிப் பழக ரோஜாப்பூ கீறின கொப்பி ஒன்று வாங்கியிருக்கிறாள், நாளுக்கு நாலு எழுத்து என்னிடம் கேட்டுக்கொள்கிறாள், நான் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கிறேனா என்று உன் கடிதத்தில் ஒத்துப் பார்க்கிறாள்.

இப்படிக்கு,
அம்மா பெரியாயி சொல்ல,
பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்க,
அப்பா அழகையா எழுதியது.