பினாங்கில் கூலி என்றால் யார்

பினாங்குத் துறைமுகம், 1936

ஆத்தாளுக்கு நல்லகாமன் கும்பிட்டு எழுதுறது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்க மூட்டை இறக்கயில சங்கிலி அறுந்து ஒருத்தன் செத்துட்டான். துரை கணக்குப் புத்தகத்துல 'ஒரு கூலி சாவு'ன்னு மட்டும் எழுதுனான். நம்ம பேரையூருக்குச் சேதி வந்தா பதறாதே, அது நானில்ல.

நம்மூர்ல கூலின்னா களத்துல மடியில அளந்து போடுற கம்பு. துரைக்கும் மலாய்க்காரனுக்கும் கூலின்னா சுமக்கிற ஆளு. கூட வேலை பாக்குற சீனன், அவன் எழுத்துல அதுக்குக் 'கசப்பான பலம்'னு அர்த்தம்ங்கிறான்.

அன்னிக்கு அவன் பிடிச்சிருந்த அதே மூட்டையோட மறுமுனையைப் பிடிச்சிருந்த எனக்கும் செத்தவன் பேரு தெரியல.

கொஞ்சம் சுக்குப்பொடி அனுப்பு. காயிதத்து மேல என் பேரை முழுசா எழுதச் சொல்லு. தபால்காரனாவது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடட்டும்.

மணி அடிச்சிட்டாங்க. வாரேன் ஆத்தா.

நல்லகாமன்