ஸ்கான்பி மேட்டில் காய்ந்த மண்

மார்ஃப்ளீட் பண்ணை,
ஸ்கான்பி, லிங்கன்ஷையர்.
நவம்பர் 4

அன்பு மகள் அலிசனுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், சின்னவனுக்குக் காது வலி விட்டிருக்க வேண்டும். வழக்கமாக இந்த இடத்தில் நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதிவிட்டு மழையைப் பற்றிச் சொல்லப் போய்விடுவேன், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. உன் அம்மா சுகமாக இல்லை. போன வாரம் நீ கூப்பிட்டபோது தூங்குகிறாள் என்றேனே, அது தூக்கம் இல்லை, மருந்து மயக்கம். ஃபோனில் சொல்லலாம் என்றால் நீ 'என்னப்பா' என்று கேட்டதுமே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் எழுதுகிறேன். மேலே உள்ள முகவரியைப் பார்த்துக் குழம்பாதே. நாங்கள் ஹோல்டைக்கில் நம் வீட்டில் இல்லை. இந்த மேட்டு ஊரில் ஆட்ரி மார்ஃப்ளீட் என்கிற பண்ணைக்கார அம்மாள் வீட்டின் பின்னறையில் இருக்கிறோம். எப்படி வந்தோம் என்று முதலிலிருந்து சொல்கிறேன், உட்கார்ந்து படி.

செப்டம்பரில் மேட்டுப் பக்கத்துக் கிராமங்களில் சனி ஞாயிறு இரண்டு நாளும் பழைய தேவாலயங்களை எல்லாம் திறந்துவைத்து டீயும் கேக்கும் கொடுப்பார்களே, அதற்குப் போகலாம் என்று உன் அம்மா சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கல்யாணம், கிறிஸ்துமஸ் பாட்டு, இவை தவிர தெல்மா தேவாலயப் படி ஏறியவள் இல்லை என்பது உனக்கே தெரியும். வெயில் நன்றாக இருக்கிறது, காரும் சும்மா நிற்கிறது என்று நானும் கிளம்பிவிட்டேன். முதலில் ஓர்ம்வெல். உள்ளே ஒரே பூ அலங்காரம், கல் சிலையாகப் படுத்திருக்கும் யாரோ ஒரு படைவீரனின் மூக்கு எப்படிப் போயிற்று என்று ஒரு பெண்மணி கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். உன் அம்மா அந்த மூக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வெளியே கல்லறைப் பக்கம் மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டாள். வடக்கு மூலையில் கொஞ்சம் சதசதவென்றுதான் இருக்கும் என்று அந்தப் பெண்மணி சொன்னதும் இவள் முகம் சுருங்கிவிட்டது, டீ கூடக் குடிக்காமல் என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அடுத்தது ஹேக்பி. திறந்திருக்கும் என்று போட்டிருந்தும் கதவு பூட்டியிருந்தது. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன், இவள் குடையின் நுனியால் அங்கங்கே தரையைக் குத்திக் குத்திப் பார்த்தபடி ஒரு சுற்று வந்தாள். "என்ன தெல்மா, உருளைக்கிழங்கு போடப் போறியா?" என்று சிரித்தேன். "போடலாம்னுதான் பாக்குறேன்" என்றாள். நானும் அதைத் தமாஷ் என்றே நினைத்தேன்.

உன் தாத்தா, அம்மாவைப் பெற்றவர், அவருடைய அடக்கத்தைப் பற்றி உனக்கு நாங்கள் சொன்னதே இல்லை. நீ அப்போது சிறு பிள்ளை, உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தோம். ஹோல்டைக்கில் கல்லறைத் தோட்டம் நிரம்பி அதற்கு முன்பே மூடிவிட்டார்கள், டவுன் இடுகாடுதான் ஒரே வழி, அதுவும் நம் பள்ளத்துப் பூமி, தோண்டினால் ஊறும். பிப்ரவரி மாதம். குழியில் இஞ்சின் வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஜெபம் சொல்லும்போது சத்தம் வேண்டாமென்று அதை நிறுத்தினார்கள், ஜெபம் முடிவதற்குள் தண்ணீர் திரும்ப ஏறிவிட்டது. பெட்டி கீழே போகவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. இரண்டு ஆட்கள் கழியால் அழுத்திப் பிடிக்க, மற்றவர்கள் மண்ணைத் தள்ளினார்கள். உன் அம்மா கடைசிவரை நின்று பார்த்தாள். அதற்கப்புறம் ஒரு நாளும் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை, மறந்துவிட்டாள் என்றே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இந்த ஸ்கான்பிக்கு வந்தோம். ஊர் என்றால் நாலு பண்ணை வீடுதான். தேவாலயம் ஆட்டுப் புல்வெளிக்கு நடுவில் நிற்கிறது, மின்சாரம் கிடையாது. உள்ளே வாசலை ஒட்டி ஒரு மேசை போட்டு, ஃபிளாஸ்க்கும் எலுமிச்சைக் கேக்குமாக ஆட்ரி உட்கார்ந்திருந்தாள். இந்தத் தேவாலயத்தைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வது அவள்தான், புருஷன் இல்லை, தனியாகவே பண்ணையை நடத்துகிறாள், பேச்சில் வழவழப்பே கிடையாது. நான் அண்ணாந்து உத்தரத்தில் ஒற்றைச் சிறகோடு தொங்கும் மரத் தேவதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் உன் அம்மா, இங்கே என்ன மண் என்று கேட்டாள். சுண்ணாம்பு, ஒரு முழம் தோண்டினால் வெள்ளைக் கல்தான், எவ்வளவு மழை பெய்தாலும் நிற்காது என்றாள் ஆட்ரி. வெளியூர்க்காரர்களுக்குக் கல்லறையில் இடம் கொடுப்பீர்களா என்று இவள் கேட்டாள். இந்தப் பங்கில், அதாவது இந்தத் தேவாலயத்துக்கு உட்பட்ட எல்லைக்குள், குடியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஆறு மாதம் தவறாமல் ஆராதனைக்கு வந்து பேரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவள் சொன்னாள். உன் அம்மா தட்டில் கிடந்த கேக் துணுக்கை விரலால் ஒற்றி எடுத்தபடி, சாதாரணமாக, கடையில் விலை கேட்கிற மாதிரி கேட்டாள்:

"ஆறு மாசம் கையில இல்லாதவங்க என்ன பண்றது?"

நான் திரும்பினேன். ஆட்ரி என் முகத்தைத்தான் பார்த்தாள், எனக்குத் தெரியாது என்பது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு நாற்காலியை என் பக்கம் காலால் தள்ளினாள்.

காரில் வைத்துத்தான் முழுதும் சொன்னாள். கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் போய்விட்டது. ஜூலையிலேயே தெரியுமாம். கண் பரிசோதனைக்கு என்று பஸ் ஏறிப் போனதெல்லாம் அதற்குத்தானாம். மருந்து ஏற்றிக்கொண்டால் கொஞ்சம் தள்ளிப்போகும், ஆனால் அந்தக் கொஞ்சத்தையும் வாந்தி எடுத்தே கழிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், வேண்டாம் என்று வந்துவிட்டாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ என் முகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப. எனக்கு அதைவிட வேலை இருந்துது" என்றாள். அந்த வேலை என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உனக்குத் தானே சொல்வதாகவும் நான் வாயைத் திறக்கக் கூடாது என்றும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு தடவை உன் ஃபோன் வரும்போதும் இதோ சொல்லப்போகிறாள் என்று நான் பக்கத்தில் நிற்பேன், அவள் உன் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

ஆட்ரி எங்களுக்காகத் தேவாலயக் கமிட்டியில் பேசினாள். குருவானவர் ஒரு பெண், எட்டு ஊர்களுக்கு அவர் ஒருவர்தான், நல்ல மனுஷி, களைத்துப்போனவர். அவருக்குக் கொடுக்க மனசிருந்தது. ஆனால் கமிட்டியில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற ராணுவக்காரர், இருப்பதே கொஞ்சம் இடம், இது நம் ஆட்களுக்கு, ஒருத்தருக்கு விட்டால் பள்ளத்துப் பூமியே மேட்டுக்கு ஏறி வந்துவிடும் என்று பேசியிருக்கிறார். முடியாது என்று பதில் வந்தது. உன் அம்மா அன்று முழுக்கச் சமையலறையில் பாத்திரங்களை எல்லாம் எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள், சுத்தமாக இருந்ததையும் சேர்த்து. சாயங்காலம் ஆட்ரி சேற்றுக் காலோடு நம் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். உட்காரக்கூட இல்லை. பங்கு எல்லைக்குள் யாருடைய உயிர் போனாலும் அவர்களுக்கு அங்கே அடக்க உரிமை உண்டு, வழிப்போக்கனாக இருந்தாலும் கமிட்டி மறுக்க முடியாது, சில வருடம் முன்பு மேட்டு வளைவில் மோட்டார் சைக்கிளில் அடிபட்டுச் செத்த ஒரு வெளியூர்ப் பையனை அப்படித்தான் வைத்தோம் என்றாள். பிறகு உன் அம்மாவைப் பார்த்து, "என்கிட்ட ஒரு பின்னறை சும்மாதான் கிடக்கு. போன வருஷம் அதுல தாயில்லாத ஆட்டுக்குட்டிங்களை வெச்சிருந்தேன், கழுவித் தரேன்" என்றாள்.

நான் சம்மதிக்கவில்லை அலிசன். சத்தம் போட்டேன், நீ கேட்டிருந்தால் உன் அப்பாவா என்று நினைத்திருப்பாய். சொந்த வீடு இருக்க, நாற்பது வருஷம் படுத்த கட்டில் இருக்க, முன்பின் தெரியாதவள் வீட்டு ஆட்டுக் கொட்டிலில் போய்ச் சாக வேண்டுமா என்று கேட்டேன். உன் அம்மா நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். "சாகுறது ஒரு நாள் சங்கதி, நெவில். படுத்துக் கிடக்கிறது அதுக்கப்புறம்" என்றாள். மறுபடியும் நான் ஆரம்பித்தபோது, தாத்தாவின் பெட்டி மேல் கழியை வைத்து அழுத்திய சத்தம் இன்னும் தனக்குக் கேட்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். மறு வாரம் சாமான்களை ஏற்றினோம்.

அறை நன்றாகத்தான் இருக்கிறது. வெள்ளை அடித்து, சின்ன அடுப்பு வைத்து, ஜன்னல் பக்கம் கட்டில் போட்டிருக்கிறார்கள். மழை வந்தால் மட்டும் லேசாக ஆட்டு வாசனை எழும்பும், உன் அம்மா பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் வேலை பார்த்தவள், இதெல்லாம் ஒரு வாசனையா என்கிறாள். நர்ஸ் தினமும் வருகிறாள். கிறிஸ்துமஸுக்கு என்ன செய்யலாம் என்று நான் பேச்சுக்குக் கேட்டபோது அவள் தலையணை உறையை மாற்றத் திரும்பிவிட்டாள்.

இப்போது உனக்குச் சொல்லியே ஆகவேண்டியதைச் சொல்கிறேன், நாளைக்கு வேறு யார் வாயிலாவது நீ கேட்கக் கூடாது. பத்து நாள் முன்பு அவளுக்கு ரத்த வாந்தி வந்தது. ஆட்ரி பயந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். வந்த பிள்ளைகள் இரண்டு பேரும் தங்கமானவர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ரத்தம் ஏற்றி நிறுத்திவிடலாம், சில வாரம் கூடக் கிடைக்கலாம் என்றார்கள். கிடைக்காமலும் போகலாம், வழியிலேயே முடிந்தாலும் முடியலாம் என்பதையும் மறைக்கவில்லை. ஆஸ்பத்திரி பங்கு எல்லைக்கு வெளியே இருக்கிறது. உன் அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், பேச முடியவில்லை, என்னையே பார்த்தாள். வந்தவர்களில் ஒரு பையன் என்னிடம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க ஐயா?" என்று கேட்டான். போகட்டும் என்று சொல்லத்தான் எனக்கு உயிர் துடித்தது, அந்தச் சில வாரம் எனக்கு வேண்டும். "வேண்டாம், இங்கயே இருக்கட்டும்" என்று சொன்னேன். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். ரத்தம் தானாக நின்றது, அது என் சாமர்த்தியம் இல்லை. அவள் அன்றைக்கே போயிருந்தால் நீ என்னிடம் கேட்டிருப்பாய், இப்போதும் கேட்கலாம், கோபப்படலாம், உனக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அவளிடம் கேட்காதே.

போன வாரம் இரண்டு நாள் விடாமல் கொட்டியது, கீழே ஹோல்டைக்கில் நம் தெருவில் தண்ணீர் நின்றதாகப் பக்கத்து வீட்டு ரோலண்ட் சொன்னான். மழை விட்ட காலையில், உன் அம்மா கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்று, ஆட்ரி கல்லறைச் சுவருக்கு இந்தப் பக்கம் தன் சொந்தப் புல்வெளியில் ஆளுயரத்துக்கு ஒரு குழி வெட்டச் சொன்னாள், அங்கேயும் அதே மண்தானாம். உன் அம்மாவைப் போர்வையில் சுற்றித் தள்ளுநாற்காலியில் கொண்டுபோனோம். எட்டிப் பார்த்தாள். உள்ளே பக்கமெல்லாம் வெள்ளை, அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. வெகு நேரம் பார்த்துவிட்டு, இருவருக்கும் ஒரே குழியாகப் போடலாமா என்று கேட்டாள், ஆழமாக வெட்டினால் போடலாம், குருவானவர் ஒத்துக்கொள்வார் என்றாள் ஆட்ரி. "அப்ப நீ மேல, நெவில். மழை பேஞ்சா மொதல்ல உன் தலையிலதான்" என்றாள் உன் அம்மா. இந்த இரண்டு மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். நானும் சிரித்தேன், சிரித்துவிட்டு ஆட்டுத் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

நேற்றுச் சத்தியத்திலிருந்து எனக்கு விடுதலை கொடுத்தாள், தனக்குச் சொல்லத் தெம்பு இல்லை, நீயே எழுது என்றாள். ஆட்ரி இதைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டர் வழியாக உனக்கு அனுப்புவாள். தபாலில் போடலாமே என்று நான் சொல்லவில்லை, அதிலிருந்தே நீ புரிந்துகொள். கம்பளிக் கோட்டு கொண்டு வா, இங்கே மேட்டில் காற்று எலும்பைத் தொடுகிறது. பிள்ளைகளைக் கூட்டி வருவது உன் இஷ்டம், அம்மா மெலிந்துவிட்டாள், முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடு. வண்டிப் பாதையில் வரும்போது வாசல் கதவைத் திறந்தால் உடனே சாத்திவிடு, ஆடுகள் ரோட்டுக்குப் போய்விடும். நீயும் உன் குடும்பமும் நீண்ட காலம் நல்லபடியாக வாழ வேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதமும். ஆண்டவர் உன் பயணத்தில் கூட இருக்கட்டும்.

உன் அம்மா சொன்னதை அவள் சொன்னபடியே கடைசியாக எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் நான் மாற்றவில்லை. "அடக்கத்துக்குன்னு அவ்வளவு தூரத்துலேருந்து வர வேண்டாம்னு சொல்லு. அன்னைக்கு நான் அவகிட்ட பேச மாட்டேன். பேசுற நாள்ல வரச் சொல்லு."

உன் அன்பு அப்பா,
நெவில்